சேனல் பதினேழுக்கு விழாத ஓட்டுகள்

ஹார்லோ மில்ஸ், வெர்மான்ட்
வெள்ளிக்கிழமை, ஊர்க்கூட்டம் முடிந்த மூன்றாம் நாள்

என் மரியாதைக்கும், சமீப காலமாக என் கோபத்துக்கும் உரிய மச்சான் லூசியன் அவர்களுக்கு,

உங்கள் தங்கையைக் கட்டிக்கொண்டு முப்பத்தெட்டு வருஷமாக வாய் திறக்காமல் குடும்பம் நடத்திவரும் ஆரின் எழுதிக்கொள்வது. இங்கே க்ளாடீன் நலம். நான் இருக்கிறேன். அங்கே ஃப்ளோரிடாவில் நீங்களும் பெர்த்தா அக்காவும் நலமாக இருப்பீர்கள் என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. அரைக்கால் சட்டையோடு ஆரஞ்சு மரத்தடியில் நின்று நீங்கள் அனுப்பிய படமே சொல்லிவிட்டது. அது வந்த நேரத்தில் நான் முழங்கால் வரை சேற்றில் நின்று காரைத் தள்ளிக்கொண்டிருந்தேன். அக்காவின் மூட்டுவலி தேவலையா? எங்கள் இருவரின் அன்பைச் சொல்லவும். கேட்க வேண்டியதையெல்லாம் கேட்டுவிட்டேன், இனி நான் திட்டப்போவதைப் பொறுமையாகப் படிக்கவும்.

ஐந்து வருஷத்துக்கு முன்னால், ஊர்க் கழிவுநீர் நிலையத்தில் இருபத்தொன்பது வருஷம் வேலை பார்த்து நான் ஓய்வு பெற்ற அன்றைக்கு, கேக்கை வெட்டிய கையோடு என் தோளில் கைபோட்டு நீங்கள் என்ன சொன்னீர்கள்? "மாப்பிள்ளை, நம்ம ஊர் டிவி சேனல் பதினேழு நிர்வாகக் குழுவுல சும்மா வந்து உக்காருங்க. வருஷத்துக்கு நாலே கூட்டம். காபி குடுப்பாங்க. எல்லாரும் கையைத் தூக்கறப்போ நீங்களும் தூக்கினாப் போதும்." நானும் க்ளாடீன் தொல்லையிலிருந்து தப்பினால் சரி என்று வந்து உட்கார்ந்தேன். ஆறே மாதத்தில் நீங்கள் வீட்டை விற்றுவிட்டு, தலைவர் பதவியை என் தலையில் கட்டிவிட்டு, பனிவாரும் மண்வெட்டியைக்கூட எனக்கே அன்பளிப்பாகக் கொடுத்துவிட்டுக் கிளம்பினீர்கள். வருஷத்துக்கு நாலு கூட்டம் என்றீர்களே, அது இப்போது வாரத்துக்கு நாலு. காபி நான்தான் போடுகிறேன்.

உங்கள் காலத்தில் கவலை என்ன இருந்தது? கேபிள் கம்பெனிக்காரன் ஊர்க் கம்பங்களில் கம்பி இழுத்துக்கொண்டான். அதற்கு ஈடாகச் சந்தாவில் ஒரு பங்கைச் சேனலுக்குக் கொடுத்தான். நீங்கள் மைக் வாங்கினீர்கள், விளக்கு வாங்கினீர்கள், கிறிஸ்துமஸுக்கு எல்லோருக்கும் வான்கோழி கொடுத்தீர்கள். இப்போது ஊரில் பாதிப் பேர் கேபிளை வெட்டிவிட்டார்கள். அவர்கள் வெட்ட வெட்ட நம் பங்கும் தேய்ந்துகொண்டே வருகிறது. கேபிளை வெட்டியவர்கள் சேனலையும் விட்டுவிட்டார்களா என்றால் அதுதான் இல்லை. ஒருத்தர் விடாமல் ஃபோனில் ஓசியில் பார்க்கிறார்கள். பார்ப்பவர்கள் கூடிவிட்டார்கள், பணம் நின்றுவிட்டது. "இதென்ன அநியாயம், சந்தா கட்டுகிறவர்கள் குறைந்தால் சேனல் எப்படிப் பிழைக்கும்" என்று அக்டோபர் மாதம் நான் குழுவில் மேசையைத் தட்டிப் பேசிவிட்டு வீட்டுக்கு வந்தால், கேபிள் கம்பெனி ஆள் எங்கள் வீட்டுச் சுவரிலிருந்து கம்பியை உருவிக்கொண்டிருக்கிறான். பக்கத்தில் உங்கள் தங்கை நின்று அவனுக்கு மேப்பிள் பாகு ஊற்றிய டோனட் கொடுத்துக்கொண்டிருக்கிறாள். "மாசத்துக்கு நூத்தி நாப்பது டாலர் எதுக்குக் கட்டணும்? சேனல் பதினேழுதான் ஃபோன்லயே வருதே" என்கிறாள். நான் யாரிடம் போய்ச் சொல்லிக்கொள்வேன்?

ஆக, நிலைமை இதுதான்: கணக்கு வருஷம் முடியும் ஜூன் முப்பதாம் தேதிக்குப் பிறகு சேனலுக்குச் சல்லிக்காசு கிடையாது. ஊர் தன் வரிப்பணத்திலிருந்து ஏதாவது கொடுத்தால் உண்டு, இல்லையென்றால் மூடவேண்டியதுதான். மூடினால் எனக்கென்ன, நான் வீட்டில் படுத்துத் தூங்குவேன். ஆனால் ரோவீனா? பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் நூலகத்தின் நிலவறையில் இருக்கும் சேனல் அறைக்கு நீங்கள் வேலைக்கு எடுத்து உட்காரவைத்த பெண், இன்னும் அங்கேயேதான் உட்கார்ந்திருக்கிறாள். சேனலுக்கு இருக்கும் ஒரே சம்பள ஆள். ஊராட்சிக் குழு, திட்டக் குழு, பள்ளிக் குழு, கூடைப்பந்து, ஞாயிற்றுக்கிழமைப் பிரார்த்தனை, தேனீ வளர்ப்பு நிகழ்ச்சி எல்லாவற்றையும் அவள் ஒருத்திதான் படம் பிடிக்கிறாள். ஜனவரியில் ஒரு நாள் கம்பியைச் சுற்றிக்கொண்டே சாதாரணமாகக் கேட்டாள்: "ஆரின், ஜூலை ஒண்ணாம் தேதி காலையில நான் எழுந்திரிச்சு எங்க போறது?" அன்றைக்குத்தான் மச்சான், இந்தச் சனியனை எப்படியாவது காப்பாற்றியே தீருவது என்று முடிவு செய்தேன். பதினெட்டாயிரம் டாலர் கேட்டு, ஊர்க்காரர்கள் கைதூக்கி முடிவு செய்யும் ஊர்க்கூட்டத்தில் தீர்மானம் போட்டோம். இருபத்து மூன்றாம் தீர்மானம்.

அன்றிலிருந்து எனக்குச் சனிக்கிழமை என்று ஒன்று இல்லாமல் போயிற்று. ஊரில் எல்லோரையும் ஒரே இடத்தில் பிடிக்க வேண்டுமென்றால் ஊரே குப்பை கொண்டுவந்து போடும் கிடங்குதான். வாராவாரம் காலை எட்டு மணிக்கே அங்கே போய், பழைய பாட்டில் போடுகிறவர்களையும் அட்டைப்பெட்டி மடக்குகிறவர்களையும் வழிமறித்து ஆதரவு கேட்டேன். பார்த்தவர்களெல்லாம் "ஐயோ, சேனல் பதினேழா? அது இல்லாம எப்படி!" என்றார்கள். ஒருத்தர் மட்டும் வேறு மாதிரி. ராய்ஸ் டாட்ரோவை உங்களுக்குத் தெரியுமே, விறகு வியாபாரி, எந்தத் தீர்மானம் வந்தாலும் "இல்லை" என்று சொல்வதற்கென்றே பிறந்தவர். லாரியை என் பக்கத்தில் நிறுத்தி ஆரம்பித்தார்.

"எதுக்குய்யா உங்க சேனலுக்கு என் வரிப்பணம்? எவன் பாக்கறான் அதை?"

"நீங்க பாக்கறதில்லையா ராய்ஸ்?"

"நானா? எனக்கு வேற பொழப்பு இல்லையா? போன புதன்கிழமை அந்தத் திட்டக் குழுக்காரன் நாப்பதாவது நிமிஷத்துல பாலத்து விஷயத்தைப் பேசாமத் தாண்டினான் பாருங்க, அப்பவே டிவியை அணைச்சுட்டேன். மனசு கேக்காம மறுபடி போட்டா, அம்பத்திரண்டாவது நிமிஷத்துல மாத்திப் பேசறான்!"

"அப்போ பாக்கறீங்க."

"கண்காணிக்கறேன். அது வேற, இது வேற."

இவர் ஒருத்தர்தானே எதிர்ப்பு, ஊரே நம் பக்கம் என்று நான் நிம்மதியாக இருந்தேன். ரோவீனா வேறு உற்சாகத்தில் இருந்தாள். நம் வேலையை நம் ஊர் பார்த்து மெச்சும்படி இந்த வருஷக் கூட்டத்தை மூன்று கேமரா வைத்துக் காட்டலாம் என்றாள். விளம்பரம் ஒன்று வேண்டும், நீங்களே பேசுங்கள் என்று என்னைக் கொண்டுபோய் விளக்குக்கு அடியில் உட்காரவைத்தாள். எனக்கு வியர்த்து ஊற்றிவிட்டது. பதினோரு தடவை சொதப்பிப் பன்னிரண்டாவது தடவை சரியாக வந்தது. நான் பேசியதை அப்படியே எழுதுகிறேன், படித்துவிட்டுச் சிரிக்க வேண்டாம்: "நேயர்களே, வெளியே பனி, சேறு. முழங்கால் வலிக்காரங்க கவலைப்படாதீங்க. செவ்வாய்க்கிழமை ஊர்க்கூட்டம் ஒரு நிமிஷம் விடாம உங்க வீட்டுக்கே வரும். நீங்க சோபாவை விட்டு எழுந்திருக்கவே வேண்டாம். இதுக்குத்தான் சேனல் பதினேழு இருக்கு. இருபத்து மூணாம் தீர்மானத்துக்கு ஆதரவு குடுங்க." இதை ஒரு வாரத்தில் நாற்பது தடவை போட்டோம். கடையில், வங்கியில், தெருவில் என்று பார்த்தவர்களெல்லாம் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். "ஆரின், உங்க விளம்பரம் பிரமாதம்" என்றார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை பள்ளிக்கூட உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போனேன். வாசலுக்குப் பக்கத்திலேயே கார் நிறுத்த இடம் கிடைத்தது. உள்ளே முன்வரிசையிலேயே நாற்காலி கிடைத்தது. அட, இன்றைக்கு நம் நேரம் நன்றாக இருக்கிறதே என்று சந்தோஷப்பட்டேன் பாருங்கள், என் புத்தியைச் செருப்பால் அடிக்கவேண்டும். ரோவீனா ஒரு கேமராவைக் கூடைப்பந்து வளையத்துக்கு மேல் கட்டியிருந்தாள், ஊரின் வழுக்கைத் தலைகள் ஒன்றுவிடாமல் தெரிந்தன. கூட்டத்தை நடத்தியது வழக்கம்போல ஹாலிஸ். அவர் நிதானம்தான் உங்களுக்குத் தெரியுமே. புதுப் பனிவாரும் லாரி வாங்கலாமா என்பதற்கு இரண்டு மணி நேரம் ஆயிற்று. பழைய லாரியின் ஒவ்வொரு நட்டைப் பற்றியும் ஒவ்வொருத்தர் எழுந்து பேசினார்கள். நாய் உரிமக் கட்டணத்தை இரண்டு டாலர் ஏற்றுவதற்கு நாற்பது நிமிஷம். ஒருத்தி தன் நாயையே கூட்டிவந்து பேசினாள். அப்புறம் தேவாலயப் பெண்கள் போட்ட மதியச் சாப்பாடு: அவித்த பீன்ஸ், பன்றி இறைச்சி, சூடான ரொட்டி, மேப்பிள் க்ரீம் பை என்ற இனிப்பு. சாப்பிட்டதும் பாதிப் பேர் கிளம்பிவிட்டார்கள். "மிச்சத்தை வீட்டுல போய்ப் பாத்துக்கறோம் ஆரின்" என்று என் முதுகில் தட்டிவிட்டே கிளம்பினார்கள். நானும் பெருமையாகத் தலையாட்டினேன்.

இரண்டரை மணிக்கு நம் தீர்மானம் வந்தது. எழுந்து பேசினேன். நன்றாகவே பேசினேன் மச்சான், பொய் சொல்லவில்லை. ஒரு ஊரில் நடக்கிற கூட்டத்தை அந்த ஊர்க்காரன் பார்க்க முடியாவிட்டால் அப்புறம் அது யார் ஊர் என்று கேட்டேன். பேசும்போதே சட்டைப் பையில் ஃபோன் துடித்துக்கொண்டே இருந்தது. உட்கார்ந்ததும் எடுத்துப் பார்த்தேன். தபால் நிலையத்துக்கு எதிர்வீட்டு ஈடித் ஃபார்ன்ஹாம்: "நீங்க பேசினதைக் கேட்டு அழுதுட்டேன்." அவள் புருஷன் ஹெரால்ட், அதே வீட்டிலிருந்து தனியாக: "நாங்க ரெண்டு பேரும் ஆம். எழுதிக்கோங்க." பேக்கரிக்காரி, பல் டாக்டர், தேனீ நிகழ்ச்சி நடத்துகிறவர், எல்லோரும் "ஆம்", "ஆம்", "எங்க வீட்டுல மூணு ஆம்". உங்கள் தங்கை: "காலர் ஒரு பக்கம் மடிஞ்சிருக்கு. சரி பண்ணுங்க. ஊரே பாக்குது." அதற்குக் கீழே நீங்கள்: "அசத்திட்டீங்க மாப்பிள்ளை! என் ஓட்டு ஆம்!" மச்சான், நீங்கள் ஃப்ளோரிடா வாக்காளராகி நாலரை வருஷம் ஆகிறது.

அப்போதுதான் திரும்பிப் பார்த்தேன். இருநூற்று முப்பது நாற்காலி போட்ட கூடத்தில் தொண்ணூறு தலைகூட இல்லை. அதில் பாதிக்கு மேல் ராய்ஸ் ஆட்கள். வரி ஒரு டாலர் ஏறினாலும் விடமாட்டேன் என்பவர்கள். அவர்கள் மழை வந்தாலும், பனி கொட்டினாலும், சொந்த மகளுக்குக் கல்யாணமே ஆனாலும் ஊர்க்கூட்டத்துக்கு நேரில் வந்து, கொண்டுவந்த மெத்தையை நாற்காலியில் போட்டுக் கடைசித் தீர்மானம் வரை உட்கார்ந்திருப்பவர்கள். சேனலை நேசிக்கிறவர்கள் எல்லோரும் சேனலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எழுந்திருக்கவே வேண்டாம் என்று அவர்களுக்குச் சொன்ன புண்ணியவான் நான்தான்.

ஹாலிஸ் குரல் ஓட்டு எடுத்தார். "ஆம்" என்பதும் "இல்லை" என்பதும் ஒரே அளவில் கேட்டது. சரி, கை எண்ணிவிடலாம் என்றார். நான் துள்ளி எழுந்தேன்.

"ஹாலிஸ், ஒரு நிமிஷம்! என் ஃபோன்ல அறுபத்து மூணு ஓட்டு வந்திருக்கு!"

"ஆரின், வாசல்ல பேர் பாத்துக் குடுத்த இளஞ்சிவப்பு அட்டை யார் கையில இருக்கோ அவங்களுக்குத்தான் ஓட்டு. உங்களுக்குத் தெரியாததா?"

"எல்லாரும் இந்த ஊர்க்காரங்கதான்யா! இதோ, இப்போ நம்மளைத்தான் பாத்துக்கிட்டு இருக்காங்க! வேணும்னா கேமராவைப் பாத்துக் கேளுங்க!"

"பாக்கட்டும், சந்தோஷம். கை மட்டும் இங்க இருக்கணும்."

பின்வரிசையிலிருந்து ராய்ஸ் எழுந்தார். "அந்த அறுபத்து மூணு பேரும் எங்கே? சோபாவுலயா? நான் இடுப்புவலியோட காலையில எட்டு மணியிலேருந்து இந்த இரும்பு நாற்காலியில உக்காந்திருக்கேன். அவங்க சேனலுக்கு அவங்களாலயே எழுந்திரிச்சு வர முடியலே, நான் எதுக்குக் காசு குடுக்கணும்?" கூடம் அதிர்ந்தது கைத்தட்டலில். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கே கை தட்டத் தோன்றியது.

அப்போது ரோவீனா ஒரு காரியம் செய்தாள். பத்தொன்பது வருஷத்தில் ஒரு தடவைகூட ஒளிபரப்பில் தன் குரல் வர விடாதவள், மைக்கை இழுத்துவைத்துப் பேசினாள். "நான் ரோவீனா பேசறேன். தயவுசெஞ்சு எல்லாரும் கிளம்பி வாங்க. இப்பவே." சொல்லிவிட்டு, எண்ணிக்கை தொடங்கும்வரை மூன்று கேமராவையும் காலி நாற்காலிகள் பக்கம் திருப்பிவைத்தாள். ஆனால் ஒளிபரப்பு ஃபோனுக்கு முக்கால் நிமிஷம் தாமதமாகத்தான் போய்ச்சேரும், உங்களுக்கே தெரியும். அது போய்ச்சேர்ந்து, அவர்கள் "ஐயோ" என்று எழுந்து, பூட்ஸ் தேடி, கார் கண்ணாடியில் பனி சுரண்டி வரவேண்டும். நேரத்தை ஓட்ட நான் என்னென்னவோ செய்தேன். ஹாலிஸிடம் தீர்மானத்தை மறுபடி படிக்கச் சொன்னேன். படித்தார். இன்னும் மெதுவாகப் படிக்கச் சொன்னேன். படித்தார். "சேனல்" என்றால் என்ன என்று விளக்கம் கேட்டேன். "நீங்கதானே அதுக்குத் தலைவர்" என்றார் ஹாலிஸ்.

எண்ண ஆரம்பித்தபோது வெளியே கார்கள் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. ஒன்று, இரண்டு, வரிசையாக. கதவுக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். ஈடித் வீட்டு அங்கியின் மேல் குளிர்க்கோட்டைப் போட்டுக்கொண்டு ஓடிவருகிறாள். பின்னால் ஹெரால்ட், கையில் தட்டோடு. பல் டாக்டர் வெள்ளைக் கோட்டோடு வருகிறார், அவர் பின்னாலேயே கழுத்தில் துணி கட்டியபடி அவருடைய நோயாளி. வந்தவர்கள் உள்ளே பாய்ந்துவிட முடியுமா? வாசலில் ஊர் எழுத்தர் வாக்காளர் பட்டியலோடு உட்கார்ந்திருக்கிறார். பெயரின் முதல் எழுத்துப்படி இரண்டு வரிசை. ஒவ்வொருத்தராகப் பெயர் சொல்லி, அவர் அளவுகோல் வைத்துக் கோடு போட்டு, அட்டை கொடுத்து... நம் ஊர்க்காரர்கள் வீடு எரிந்தாலும் வரிசையில் நின்றுதானே தண்ணீர் எடுப்பார்கள்! ஒருத்தரும் தள்ளவில்லை. ஈடித் தனக்குப் பின்னால் வந்த நோயாளியை "வாய் வலிக்கும், நீங்க முன்னால போங்க" என்று அனுப்பியதை என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன்.

ஆம் நாற்பத்தொன்று. இல்லை நாற்பத்தாறு.

ஹாலிஸ் முடிவைச் சொன்ன அதே மூச்சில் ராய்ஸ் ஆட்களில் ஒருவர் அடுத்த தீர்மானத்தை எடுக்கும்படி எழுந்துவிட்டார். அடுத்ததை எடுத்துவிட்டால் அன்றைக்கு முந்தையதைத் தொட முடியாது என்பது உங்களுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். இருபத்து நாலாம் தீர்மானம், கல்லறைத் தோட்டத்துக்குப் புல்வெட்டும் இயந்திரம். அந்த நிமிஷத்தில் அட்டையோடு உள்ளே நுழைந்த இருபத்தெட்டுப் பேரும், எது ஏது என்று கேட்காமல், மூச்சு வாங்க அட்டையை உயர்த்தினார்கள். ஒருத்தர்கூட எதிர்க்கவில்லை. இந்த ஊர்ச் சரித்திரத்தில் ஒரு புல்வெட்டும் இயந்திரத்துக்கு அத்தனை ஓட்டு விழுந்ததில்லை. ஈடித் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஜெயிச்சுட்டோமா ஆரின்?" என்றாள். ஹெரால்ட் தட்டை நீட்டி, "கொஞ்சம் மேப்பிள் பை சாப்பிடறீங்களா?" என்றார்.

எல்லோரும் போன பிறகு ரோவீனா கம்பிகளைச் சுற்றிக்கொண்டிருந்தாள். நான் போய்ப் பக்கத்தில் நின்றேன். ஒரு கம்பியை எடுத்து நானும் தப்பும் தவறுமாகச் சுற்றினேன். அவள் அதை வாங்கிப் பிரித்துச் சரியாகச் சுற்றினாள்.

"படம் எப்படி வந்துச்சாம்?" என்று கேட்டாள்.

"ரொம்பத் தெளிவா வந்துச்சாம். எல்லாரும் சொல்றாங்க."

"அப்போ சரி" என்றாள்.

காரில் வந்து உட்கார்ந்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. அறுபத்தாறு வயசு மனுஷன், பள்ளிக்கூட வாசலில் உட்கார்ந்து அழுதேன். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு என்னை "வாங்க, ஒரு கை பிடிங்க" என்று கூப்பிட்ட ஒரே இடம் அந்த நிலவறைதான். அதை நானே என் வாயால் மூடிவிட்டு வந்திருக்கிறேன். வீட்டுக்கு வந்தால் உங்கள் தங்கை போர்வையோடு சோபாவில் உட்கார்ந்திருக்கிறாள்.

"மூணு கேமரா வச்சது அழகா இருந்துச்சுங்க. நீங்க தோத்தப்போ உங்க மூஞ்சியைக் கிட்டத்துல காட்டினா பாருங்க, எனக்கே பாவமாப் போச்சு."

"அவதான் கிளம்பி வாங்கன்னு சொன்னாளே, நீ ஏன் வரலே?"

"வரலாம்னுதான் எழுந்தேன். அதுக்குள்ள எண்ண ஆரம்பிச்சுட்டாங்க. நடுவுல விட்டுட்டு எப்படி வர்றது?"

"காலையிலயே வந்திருக்கலாமே!"

"நீங்கதானே சோபாவை விட்டு எழுந்திருக்கவே வேண்டாம்னு சொன்னீங்க? ஒரு தடவையா ரெண்டு தடவையா!"

மச்சான், இதற்கு மேல் என்னால் ஆகாது. மூன்று நாளாக யார் முகத்தையும் பார்க்கப் பிடிக்காமல் வீட்டுக்குள் கிடக்கிறேன். ரோவீனாவுக்கு ஃபோன் பண்ணக்கூட எனக்குத் தைரியம் இல்லை. ஃபோன் பண்ணுகிறவர்களெல்லாம், "என்ன அநியாயம் ஆரின், இந்த ஊருக்குப் பொறுப்பே இல்லே" என்று என்னிடமே சொல்கிறார்கள், அவர்கள் வேறு ஏதோ ஊர்க்காரர்கள் மாதிரி. என் ராஜினாமாவை இத்துடன் இணைத்திருக்கிறேன். சேனலை ஆரம்பித்தவர் நீங்கள், மூட்டைகட்டுவதற்கும் நீங்களே வந்து சேருங்கள். விமானத்தில் வாருங்கள், நடந்து வாருங்கள், எனக்குத் தெரியாது. இனி என் வாழ்நாளில் குழு என்ற சொல் காதில் விழுந்தால் எழுந்து ஓடிவிடுவேன். இது சத்தியம்.

பெர்த்தா அக்காவின் முழங்கால் சீக்கிரம் குணமாகட்டும். உங்கள் தோட்டத்து ஆரஞ்சு எல்லாம் நன்றாகக் காய்க்கட்டும், அதில் ஒரு பெட்டி இந்தப் பக்கமும் வரட்டும். க்ளாடீன் உங்களுக்கு முத்தம் சொல்லச் சொன்னாள். நானும் சொல்கிறேன், கோபத்தோடு.

இப்படிக்கு,
இனி எதற்கும் தலைவராக இல்லாத உங்கள் மாப்பிள்ளை,
ஆரின் கிட்ரெட்ஜ்

பின்குறிப்பு: தபால் நிலையத்துக்குக் கொண்டுபோன கடிதத்தைப் போடாமலே திருப்பிக் கொண்டுவந்து இதை எழுதுகிறேன். அங்கே வாசலில் ராய்ஸ் டாட்ரோ தாள் செருகிய அட்டையும் பேனாவுமாக நின்று போகிறவர் வருகிறவரையெல்லாம் மறித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "வாங்க, கையெழுத்துப் போடுங்க" என்றார். எதற்கு என்றேன். "உங்க சேனல் தீர்மானத்தை மறுபடியும் ஓட்டுக்கு விடணும்னு மனு. வாக்காளர்ல நூத்துக்கு அஞ்சு பேர் போட்டா விட்டே ஆகணும்." "யோவ், நீங்கதானே எதிர்த்தீங்க!" என்றேன். "எதிர்த்தேன். அடுத்த தடவையும் எதிர்ப்பேன். ஆனா ஜெயிப்பேன்னு நினைச்சா எதிர்த்தேன்? முப்பது வருஷமா எல்லாத்தையும் எதிர்க்கறேன், ஒரு தடவையாவது ஜெயிச்சிருக்கேனா? நீங்க இப்படிக் கவுத்துவிடுவீங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்? சேனலை மூடிட்டா அந்தத் திட்டக் குழுக்காரன் சொல்ற பொய்யை யாருய்யா பிடிக்கறது? புதன்கிழமை சாயங்காலம் நான் என்ன, சுவத்தையா பாத்துக்கிட்டு உக்கார்றது?" என்று என் மேல் பாய்ந்தார். தொண்ணூற்றொரு கையெழுத்து வாங்கியிருந்தார், தொண்ணூற்றிரண்டாவது நான். ராஜினாமாவை உறையிலிருந்து எடுத்துவிட்டேன், அதைத் தேடவேண்டாம்.

ஏப்ரல் பதினாறாம் தேதி மாலை ஆறு மணிக்குச் சிறப்புக் கூட்டம் நடக்கும் போலிருக்கிறது. அன்றைக்கு ஒரு நொடிகூட ஒளிபரப்பக் கூடாது, திரை கறுப்பாக இருக்கவேண்டும் என்பது ராய்ஸ் போட்ட நிபந்தனை. ரோவீனாவுக்கு அங்கிருந்தே ஃபோன் பண்ணிச் சொன்னேன். "அப்போ அன்னிக்கு எனக்கும் ஒரு நாற்காலி போடுங்க, நான் ஓட்டுப் போட்டு எத்தனையோ வருஷம் ஆச்சு, கேமராவுக்குப் பின்னாலேருந்து எனக்குக் கை தூக்கவே முடிஞ்சதில்லே" என்றாள். வீட்டுக்கு வந்து இதையெல்லாம் க்ளாடீனிடம் அரை மணி நேரம் நிறுத்தி நிதானமாக எடுத்துச் சொன்னேன்: ஏன் தோற்றோம், ஏன் ஊரே நேரில் வரவேண்டும், ஏன் அன்றைக்குச் சேனலில் ஒன்றும் வராது. எல்லாவற்றையும் கேட்டுத் தலையாட்டினாள். "ரொம்ப நல்ல யோசனைங்க" என்றாள். அப்புறம் கேட்டாள்: "அப்போ நாங்கள்லாம் அதை எப்படிப் பாக்கறது?"